முப்பது நாளில் ஒரு சுவெட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் மூன்று வருடமாக நவம்பர் மாதத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடிப் பின்னுகிறோம். முதலாம் திகதி ஊசியில் நூலை ஏற்றி, 30ஆம் திகதிக்குள் ஒரு முழு சுவெட்டரை முடிக்க வேண்டும். அதுதான் சவால். ஒக்டோபர் பிறந்தால் ஆட்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். சந்தையில் கேட்பார்கள், கோயில் வாசலில் கேட்பார்கள், பிள்ளையை ரியூசனுக்கு விட வந்த இடத்தில் நின்று கேட்பார்கள். ஒரே பதிலைப் பலமுறை சொல்லியாகிவிட்டது, இப்போது எழுதியே வைக்கிறேன்.

ஒரு சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசியில் இருக்கும் ஒவ்வொரு வளையத்தையும் நாங்கள் ‘கண்’ என்கிறோம். தையல் என்றால் துணி தைப்பதோடு குழம்பும். வலைக்குக் கண் என்று சொல்லும் ஊரில் பின்னலுக்கும் அதே சொல் பொருந்தி வருகிறது.

இந்தச் சவால் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 1999இல் ஒரு சிறு நண்பர் கூட்டம் ஒரு மாதத்தில் நாவல் எழுதும் முயற்சியைத் தொடங்கியது. அடுத்த வருடத்திலிருந்து அது நவம்பர் மாதத்துக்கு வந்தது. இலக்கு 50,000 சொற்கள். அதைப் பார்த்த பின்னல்காரர்கள், நாங்கள் 50,000 கண்ணில் ஒரு சுவெட்டர் பின்னுகிறோம் என்று அதே நவம்பரை எடுத்துக்கொண்டார்கள். அங்கே நவம்பர் குளிர் தொடங்கும் மாதம். இங்கே மாரி. எங்களுக்கும் வீட்டுக்குள் இருக்கும் மாதம்தான்.

மட்டக்களப்பில் சுவெட்டர் யார் போடுவது?

இதைக் கேட்காதவர்களே இல்லை. மாரி காலத்தில் விடியப்புறம் வாவிக்கு இறங்குகிறவர்களைப் பாருங்கள், தலையில் கம்பளித் தொப்பி, உடம்பில் பழைய சுவெட்டர். இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்கள் போடுகிறார்கள். செங்கலடியால் பதுளை வீதியில் ஏறி மலைநாட்டுக்குப் போனால், நுவரெலியாவில் இறங்கும்போது சுவெட்டர் இல்லாமல் பல்லுக் கிட்டும். அந்த ஊர் 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது.

ஆனால் உண்மையைச் சொன்னால் எங்கள் விறாந்தையில் பின்னப்படுவதில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்குத்தான் போகிறது. நான் பின்னுவது ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகளுக்கு. ஒருத்தி சுவிஸில் இருக்கும் அண்ணனுக்குப் பின்னுகிறாள். கடையில் இதைவிட மலிவாக வாங்கலாம், அது அவர்களுக்கும் தெரியும். அம்மாவின் ஊரிலிருந்து கையால் பின்னி வந்த சட்டை என்று அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். எனக்கு அது போதும்.

நான் பிள்ளைத் தொப்பி மட்டும்தான் பின்னியிருக்கிறேன். என்னால் முடியுமா?

முடியும். தொப்பி பின்னத் தெரிந்தால் வட்டமாகப் பின்னத் தெரியும், கண் குறைக்கத் தெரியும். சுவெட்டருக்குக் கூடுதலாகத் தெரிய வேண்டியது கண் கூட்டுவதும், சில கண்களை ஒரு நூலில் கோத்துக் காத்திருக்க வைப்பதும்தான். நிட் என்கிற நேர்ப் பின்னல், பேர்ல் என்கிற மறுபக்கப் பின்னல் இரண்டும் கைக்கு வரவேண்டும். அதுவும் தெரியாதவர்கள் இந்த நவம்பரை விட்டுவிடுங்கள். ஒரு கழுத்துத் துண்டு பின்னிப் பழகுங்கள், அடுத்த வருடம் வாருங்கள். முதல் சுவெட்டரில் பூ வேலை, முறுக்கு வேலை, இரண்டு நிறம் எதுவும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 36 அங்குல மார்புள்ள பெண்ணுக்குக் கொஞ்சம் தளர்வாக, 40 அங்குலச் சுற்றில், நீளக் கை வைத்த சுவெட்டர் என்று எடுப்போம். முன், பின், கை எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 8,100 சதுர சென்ரிமீற்றர் பின்னல் வரும்.

டிகே என்று சொல்லும் நடுத்தர நூலில், 4 மில்லிமீற்றர் ஊசியில், 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 22 கண்ணும் அதே உயரத்துக்கு 28 வரியும் வரும். பெருக்கினால் மொத்தம் கிட்டத்தட்ட 50,000 கண். 30 நாளால் பிரித்தால் நாளுக்கு 1,667. நிமிடத்துக்கு 20 கண் பின்னுகிற கைக்கு இது ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல்.

அதைவிடத் தடித்த, வெஸ்ரட் என்கிற நூலை 5 மில்லிமீற்றர் ஊசியில் பின்னினால் 10 சென்ரிமீற்றருக்கு 18 கண், 24 வரி. மொத்தம் 35,000க்கு இறங்கிவிடும். அதே உடம்பு, அதே சுவெட்டர், 15,000 கண் மிச்சம்! இன்னும் தடித்த நூலென்றால் 23,000க்குள் முடியும். ஆனால் அது எங்கள் ஊரில் மடியில் வைத்திருக்கவே புழுங்கும்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது வெஸ்ரட் நூல்தான். 30 நாளையும் பின்னலுக்கே கொடுக்காதீர்கள். 25 நாள் பின்னல், மிச்சம் ஐந்து நாள் நூல் முனைகளை ஒளிக்கவும் கழுவிக் காயவைக்கவும். 35,000ஐ 25ஆல் பிரித்தால் நாளுக்கு 1,400 கண், 70 நிமிடம். ஒரேயடியாக இருந்து பின்ன வேண்டுமென்று இல்லை. சோறு வடிக்கப் போகுமுன் இருபது நிமிடம், பிள்ளையைக் கூட்டி வரப் போய்க் காத்திருக்கும்போது இருபது நிமிடம், இரவில் அரை மணித்தியாலம். சரி, ஒரு நாள் விட்டுப்போனால்? அடுத்த மூன்று நாளில் பிரித்துப் பின்னுங்கள். ஒரே இரவில் ஈடுகட்டப் பார்த்தால் கண் பிசகும்.

தொடங்குமுன் கண் கணக்குப் பார்க்க அளவுத் துண்டு கட்டாயம் பின்ன வேண்டுமா?

கட்டாயம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

முதல் வருடம் நான் அந்தத் துண்டைப் பின்னவில்லை. செய்முறையில் 10 சென்ரிமீற்றருக்கு 22 கண் என்று இருந்தது. என் கையும் அப்படித்தான் வரும் என்று நம்பி 224 கண் ஏற்றி, கீழிருந்து வட்டமாகப் பின்னிக்கொண்டு போனேன். 224 கண்ணுக்கு 102 சென்ரிமீற்றர் சுற்று வரவேண்டும். என் கை தளர்ந்த கை, 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்தான் விழுந்திருக்கிறது. 12ஆம் நாள் அளவு நாடாவைச் சுற்றிப் பிடித்தபோது 112 சென்ரிமீற்றர். நாலு அங்குலம் கூட. அதற்குள் 30 சென்ரிமீற்றர் உயரம் ஏறி, 17,000க்கு மேற்பட்ட கண் பின்னியாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மாமிதான் எனக்குப் பின்னல் பழக்கியவர். அவர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, “அவிழ் புள்ள, அவிழ்த்துப்போட்டு மறுகா அழு” என்றார். இரண்டு பேருமாக அவிழ்த்தோம். அவிழ்த்த நூல் இடியப்பம்போலச் சுருண்டு சுருண்டு வந்தது. கதிரை முதுகில் சுற்றி நாலு இடத்தில் கட்டி, வெந்நீர் இல்லாத இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து, அடியில் ஒரு சின்னப் பாரம் தொங்கவிட்டுக் காயவைத்தால் நேராகும். மாரியில் அது காயவே மூன்று நாள். அந்த நவம்பர் எனக்கு அதோடு போனது.

அப்போது மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “உன்ர அப்பா கண் அளவு பார்க்காம எப்பயாவது வலைக்கு நூல் போட்டவரா?” அப்பா வலை முடையும்போது கையில் ஒரு சின்னப் பலகைத் துண்டு வைத்திருப்பார். ஒவ்வொரு கண்ணும் அந்தப் பலகையைச் சுற்றித்தான் விழும். இறால் வலைக்கு ஒரு பலகை, பெரிய மீனுக்கு வேறு பலகை. நான் சின்ன வயதில் அந்தப் பலகைகளை வைத்து விளையாடியவள்.

ஆகவே: சுவெட்டருக்கு எடுத்த அதே நூலில், அதே ஊசியில் 15 சென்ரிமீற்றர் சதுரம் பின்னுங்கள். கழுவுங்கள். காயவிடுங்கள். நடுவில் 10 சென்ரிமீற்றரை அளந்து கண்ணை எண்ணுங்கள். ஓரத்தை எண்ண வேண்டாம், ஓரம் எப்போதும் பொய் சொல்லும். கண் கூடுதலாக வந்தால் ஒரு அளவு பெரிய ஊசி, குறைவாக வந்தால் சிறிய ஊசி. சுவெட்டரை வட்டமாகப் பின்னப் போகிறீர்களென்றால் துண்டையும் வட்டமாகப் பின்னுங்கள். போய்க் கிறுகி வந்து பின்னும்போது பேர்ல் வரிகள் பலருக்குத் தளர்ந்து விழும், கணக்கு மாறிவிடும்.

துண்டை ஒக்டோபரிலேயே பின்னலாம். அது சவாலுக்குள் சேராது.

என்ன நூல், எவ்வளவு வாங்குவது?

கனடா, ஐரோப்பா போகிறதென்றால் கம்பளி, அல்லது கம்பளி கலந்த நூல். இங்கேயோ மலைநாட்டிலோ போடுவதென்றால் அக்ரிலிக் போதும், கழுவவும் லேசு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அக்ரிலிக் நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டும், கம்பளி லேசில் பற்றாது. அடுப்படியில் நிற்கிறவருக்கு அக்ரிலிக் சுவெட்டர் பின்னிக் கொடுக்க எனக்கு மனம் வராது. பருத்தி நூல் குளிர்மைதான், ஆனால் பாரம். முழுக்கைச் சுவெட்டர் பருத்தியில் பின்னினால் கழுவக் கழுவ நீளும்.

மேலே சொன்ன அளவுக்கு டிகே நூல் 1,100 முதல் 1,300 மீற்றர் வேண்டும். தடித்த நூலென்றால் மீற்றர் குறையும், பாரம் கூடும். உருண்டையின் தாளில் எத்தனை கிராம், எத்தனை மீற்றர் என்று போட்டிருக்கும். கிராமைப் பார்த்து வாங்காதீர்கள், மீற்றரைப் பாருங்கள்.

அதே தாளில் சாயத் தொகுதி எண் ஒன்று இருக்கும், ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கெல்லாம் ஒரே எண். எல்லா உருண்டையிலும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நீலம்போலத் தெரியும், கடைக்குள் வித்தியாசம் பிடிபடாது. பின்னி முடித்து வெயிலில் பிடித்தால் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல நிற்கும். எங்கள் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பிள்ளைத் தொப்பிக்கும் சுவர் அலங்காரத்துக்கும்தான் நூல் வரும். ஒரே எண்ணில் பத்து உருண்டை ஒன்றாகக் கிடைப்பது அரிது. கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிப் புறக்கோட்டையில் எடுப்பிக்கலாம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடமும் சொல்லலாம். எப்படி வாங்கினாலும் ஒரு உருண்டை கூட வாங்குங்கள்.

ஊசி?

நடுவில் வயர் உள்ள வட்ட ஊசி, 80 சென்ரிமீற்றர் நீளம். சுவெட்டரின் பாரம் மடியில் கிடக்கும், கையில் தொங்காது. மூங்கில் ஊசியானால் வியர்த்த கையிலும் வழுக்காது. உலோக ஊசி வைத்திருப்பவர்கள் பின்னி முடிந்ததும் துடைத்து வையுங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. அடையாள வளையம் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, வேறு நிற நூலில் சின்ன முடிச்சு வளையம் போட்டால் சரி.

மேலிருந்து பின்னுவதா, கீழிருந்தா?

ஒரு மாதம்தான் கையில் இருக்கிறதென்றால் மேலிருந்து. கழுத்தில் 80, 90 கண் ஏற்றி, நாலு இடத்தில் அடையாளம் வைத்து, ஒன்று விட்ட வரியில் எட்டுக் கண் கூட்டிக்கொண்டே போவது. ரக்லன் என்பார்கள். கமக்கட்டு வந்ததும் கைக்குரிய கண்களை ஒரு நூலில் கோத்து விட்டுவிட்டு உடம்பை மட்டும் வட்டமாகப் பின்னிக் கீழே போகலாம். கடைசியில் துண்டு துண்டாகத் தைத்துப் பொருத்தும் வேலை இல்லை. போட்டுப் பார்த்து நீளம் கூட்டலாம், குறைக்கலாம். நூல் போதாது போலத் தெரிந்தால் உடம்பை இரண்டு அங்குலம் குறைத்து விடலாம்.

போடப் போகிற ஆள் வெளிநாட்டில். அளவு எப்படி எடுப்பது?

உடம்பு அளவைக் கேட்காதீர்கள். “36 இருக்கும் பெரியம்மா” என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். அவர் விரும்பிப் போடுகிற சுவெட்டர் ஒன்றை மேசையில் விரித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அளவு நாடா படத்தில் தெரிய வேண்டும். கமக்கட்டுக்குக் கமக்கட்டு, தோளிலிருந்து கீழ் விளிம்பு, கை நீளம், கையின் மேற்பகுதி அகலம். இந்த நாலும் போதும். வளர்கிற பிள்ளையென்றால் கையில் ஒரு அங்குலம் கூடப் பின்னி மடித்து விடலாம்.

நவம்பரில்தான் செய்ய வேண்டுமா?

இல்லை, எந்த 30 நாளும் சரி. கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டில் நூல் விரலோடு ஒட்டும், வெள்ளை நூல் ஒரு கிழமையில் பழுப்பாகும். பொங்கல் கழிந்து தொடங்குவதும் நல்ல காலம்தான். எங்களோடு பின்னும் காத்தான்குடித் தோழி ஒருத்தி தனக்கு வசதியான மாதத்தில் தொடங்கி அழகாக முடித்தாள்.

நவம்பரில் மழைக்கும் வெள்ளத்துக்கும் ஆயத்தமாக இருங்கள். என் அம்மாவுக்கு நவம்பர் என்றாலே 1978ஆம் ஆண்டு 23ஆம் திகதி அடித்த சூறாவளிதான். மழை இருண்டு வந்தால் இன்றும் முதலில் உறுதிப் பத்திரங்களைத் தூக்கி மேலே வைப்பார். என் பின்னலும் இப்போது அந்தப் பையோடு மேலே போகிறது. இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் வாளிக்குள் வையுங்கள். வெள்ளம் வந்தால் சவாலை நிறுத்துங்கள், நாள் கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள். கரண்ட் போனால் மட்டும் நிறுத்த வேண்டாம். உடம்புப் பகுதி முழுவதும் வெறும் நிட்தான், இரண்டு மூன்று நாளில் விரலே கண்ணைத் தேடிப் பிடிக்கும்.

ஒரு கண் ஊசியிலிருந்து விழுந்து இறங்கிவிட்டது. என்ன செய்ய?

இழுக்காதீர்கள். முதல் வேலை, விழுந்த கண்ணில் ஒரு சேஃப்டி பின்னைக் குத்தி அது மேலும் இறங்காமல் நிறுத்துவது. இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தக் கண்ணுக்கு மேலே நூல்கள் ஏணிப்படிபோலக் குறுக்கே கிடக்கும். எத்தனை வரி இறங்கியதோ அத்தனை படி. ஒரு குரோசே ஊசியை எடுத்து, வெளிப்பக்கம் உங்களைப் பார்க்க வைத்து, கண்ணுக்குள் முன்னாலிருந்து நுழையுங்கள். மிகக் கீழே உள்ள படியைக் கொக்கியில் பிடித்து, கண்ணுக்குள்ளால் வெளியே இழுங்கள். ஒரு வரி ஏறிவிட்டது. அடுத்த படி, அடுத்த படி. மேலே வந்ததும் இடது ஊசியில் மாட்டுங்கள், வளையத்தின் வலது கால் ஊசிக்கு முன்னால் நிற்க வேண்டும். படி மாறிப் பிடித்தால் அந்த இடம் பிறகு குழிபோலத் தெரியும், அதனால் மெதுவாக.

கழுத்து வேலைக்கும் கை பிரிக்கும் இடத்துக்கும் முன்னால் ஒரு மெல்லிய தையல் நூலை அந்த வரியின் எல்லாக் கண்ணுக்குள்ளாலும் கோத்து விடுங்கள். பிழைத்தால் அதுவரைதான் அவிழும்.

மணிக்கட்டு வலிக்கிறது.

அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டுக் கையை உதறுங்கள். விரல் விறைத்தால் அன்று பின்ன வேண்டாம். அடுத்த நாளும் விறைத்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உடம்பு முடிந்தது, 20ஆம் திகதிதான். இனி ஆறுதலாகப் பின்னலாமா?

கூடாது. பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். இரண்டு கையும் சேர்ந்தால் மொத்தப் பின்னலில் மூன்றில் ஒரு பங்கு. வெஸ்ரட் நூலில் கிட்டத்தட்ட 11,700 கண் இன்னும் பாக்கி. உடம்பும் கழுத்தும் 17ஆம் திகதிக்குள் முடிந்தால்தான் 25க்குள் கை முடியும். ஒரு கையை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கச் சலிப்பு வரும். நீள வட்ட ஊசியில் இரண்டு உருண்டை வைத்து இரண்டு கையையும் ஒன்றாகவே பின்னலாம். சிக்கல் போலத் தெரியும், இரண்டாம் நாள் பழகிவிடும். இரண்டு கையும் ஒரே நீளத்தில் வரும் என்பதற்காகவே எனக்கு அது பிடிக்கும்.

மழையில் எப்படிக் காயவைப்பது?

ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். கசக்க வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். பெரிய துவாயில் விரித்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். தண்ணீரில் முக்கால்வாசி துவாய்க்குள் போய்விடும். பிறகு பன்பாயில் விரித்து, கையால் தட்டித் தட்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள். கொடியில் போட்டால் தன் பாரத்தில் தானே நீண்டு போகும். மின்விசிறிக்குக் கீழே இரண்டு மூன்று நாள், இடையில் புரட்டிப் போட வேண்டும். பாயில் ஓட்டை இருப்பதால் அடிப்பக்கமும் காயும், பூஞ்சண நாற்றம் பிடிக்காது. அக்ரிலிக்கை இஸ்திரிக்கை போடவே கூடாது, பின்னல் உயிர் விட்டுச் சப்பையாகும்.

30ஆம் திகதிக்குள் முடியாவிட்டால்?

டிசம்பரில் முடியுங்கள். நான் முதல் வருடம் அவிழ்த்த அதே நூலில் இரண்டாம் வருடம் பின்னி, 29ஆம் திகதி இரவு கடைசிக் கண்ணை முடித்தேன். கனடாவில் ஜனவரியும் பெப்ரவரியும் குளிர்தான், சட்டை பிந்திப் போனாலும் வேலை இருக்கிறது.

மிஞ்சிய நூலை என்ன செய்வது?

ஒரு சிறு உருண்டையைச் சுவெட்டரோடு சேர்த்து அனுப்புங்கள், முழங்கை தேய்ந்தால் அங்கேயே ஒட்டுப் போட உதவும். 50 கிராம் மிஞ்சினால் பிறந்த பிள்ளைக்கு ஒரு தொப்பி வரும். தலைச் சுற்று 35 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும், உங்கள் அளவுத் துண்டு கையில் இருக்கிறது, எத்தனை கண் ஏற்றுவது என்று அதுவே சொல்லும்.